மே 8ஆம் தேதி கிளம்பலாமா: ஒரு போர்க் கணிப்பின் முழுக் கணக்கு

2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு சென்னையில் எந்த டீக்கடையில் நின்றாலும் ஒரே பேச்சுதான்: போர் வருமா, வராதா? அந்தக் கேள்விக்கு அப்படியே பதில் சொல்ல முடியாது என்பது என் கட்சி. எது நடந்தால் அதைப் போர் என்று ஒத்துக்கொள்வோம், எந்தத் தேதிக்குள் நடக்க வேண்டும், பதில் தெரிந்தால் யார் என்ன செய்யப்போகிறார்கள் என்ற மூன்றும் சேராத வரை எவ்வளவு பெரிய நிபுணர் என்ன நம்பர் சொன்னாலும் அது வாய்க்கு வந்த நம்பர்தான்.

அந்த இரண்டு வாரத்தில் ஒரு உண்மையான முடிவுக்காகப் போட்ட கணிப்பு ஒன்றை இங்கே முழுசாக எழுதி வைக்கிறேன். மேற்கு மாம்பலத்தில் யாத்திரை டூர் நடத்தும் அண்ணன் ஒருவர் எனக்குப் பழக்கம். சமையல்காரரையும் அரிசி மூட்டையையும் கூடவே கூட்டிப்போய், பஞ்சாப் நடுவிலும் மதியம் ரசம் சாதம் போடுகிற வகை டூர். மே 8 இரவு சென்ட்ரலில் ரயிலேற சுமார் முப்பது பேர் பணம் கட்டியிருந்தார்கள், பாதிக்கு மேல் அறுபதைத் தாண்டியவர்கள். 10ஆம் தேதி காலை டெல்லி, அன்றைக்கே அமிர்தசரஸ், பொற்கோயில், அட்டாரி எல்லையில் கொடியிறக்கம், அப்புறம் கட்ரா போய் வைஷ்ணோ தேவி, 16ஆம் தேதி வீடு. பட்டியலில் இருந்த ஊர் எல்லாம் எல்லைப் பக்கம். அமிர்தசரஸிலிருந்து அட்டாரி சுமார் 30 கி.மீ.தான்.

நான் பிழைப்புக்கு இன்சூரன்ஸ் கணக்குப் பார்க்கிறவன். பக்கத்து நாடுகளுக்குள் சண்டை மூளுமா என்று கணித்து எழுதி வைப்பது என் ராத்திரிப் பைத்தியம். அது தெரிந்துதான் அண்ணன் போன் செய்தார். "தம்பி, சுத்தி வளைக்காதே. வரும்னு சொல்லு, இல்ல வராதுன்னு சொல்லு. முப்பது வீட்டுக்கு நான் பதில் சொல்லணும்."

முதல் வேலை, கேள்வியைத் திருத்துவது. ஸ்வீடனில் உப்சாலா பல்கலைக்கழகத்தில் உலகத்தின் ஆயுத மோதல்களைக் கணக்கெடுக்கும் குழு ஒன்று இருக்கிறது. ஒரே ஆண்டில் சண்டையில் 1,000 பேராவது செத்தால்தான் அவர்கள் கணக்கில் அது போர். 25 பேரைத் தொட்டால் ஆயுத மோதல். ஆராய்ச்சிக்கு நல்ல வரையறை. அண்ணனுக்கு உதவாது. ஆயிரம் பேர் சாகிற வரைக்கும் காத்திருந்து டூரை ரத்து செய்ய முடியுமா? எனவே கேள்வியை இரண்டாக உடைத்தேன். மே 16க்குள் பாகிஸ்தான் கையில் இருக்கும் மண்ணில் இந்தியா ராணுவத் தாக்குதல் நடத்தி, அதைத் தானே அறிவிக்குமா? நடத்தினால், மே 10 முதல் 15 வரை அமிர்தசரஸ், ஜம்மு பக்கம் ஒரு நாளாவது போக்குவரத்து நிற்குமா? முதல் கேள்விதான் டிவிக்கு. அண்ணனுக்கு வேண்டியது இரண்டாவது.

முதல் கேள்விக்குப் பழைய கதைகளை எடுத்துப் பார்க்க வேண்டும். 2016 செப்டம்பர் 18 ஊரி முகாம் தாக்குதல், பதினோராம் நாள் 29ஆம் தேதி சர்ஜிக்கல் ஸ்ட்ரைக். 2019 பிப்ரவரி 14 புல்வாமாவில் 40 வீரர்கள் பலி, பன்னிரண்டாம் நாள் 26ஆம் தேதி பாலகோட் விமானத் தாக்குதல். இரண்டுக்கு இரண்டு. ஆனால் அதற்கு முன்னால் 2001 டிசம்பர் 13 நாடாளுமன்றத் தாக்குதலும் இருக்கிறது, 2008 நவம்பரில் 166 பேர் செத்த மும்பையும் இருக்கிறது. முதலாவதில் எல்லையில் படைகளைக் கொண்டுபோய்ப் பத்து மாதம் நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள், இரண்டாவதில் அதுவும் இல்லை. இரண்டுக்குப் பூஜ்யம். அதே வரலாறு, எங்கே வெட்டுகிறோம் என்பதைப் பொறுத்து நூறும் வரும் பூஜ்யமும் வரும்.

கைவசம் நாலைந்து சம்பவம்தான் இருக்கும்போது பிரெஞ்சுக் கணித மேதை லாப்லாஸ் சொன்ன பழைய விதி ஒன்று கைகொடுக்கும்: நடந்த எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டு, மொத்தத்தோடு இரண்டைக் கூட்டு, அப்புறம் வகு. 2016, 2019 மட்டும் என்றால் நாலில் மூன்று, 75 சதவீதம். நாலு சம்பவத்தையும் சேர்த்தால் ஆறில் மூன்று, பாதி. அதோடு விட்டேனா என்றால் இல்லை. 2016 ஜனவரி பதான்கோட், அதே ஆண்டு நவம்பரில் நக்ரோட்டா, 2017இல் அமர்நாத் பக்தர்கள் பேருந்து, 2018இல் சுஞ்சுவான், 2024 ஜூனில் ரியாசி என்று இந்தியா எல்லை தாண்டாமல் விட்ட தாக்குதல்களும் இருக்கின்றன. இவற்றையும் சேர்த்தால் ஒன்பதில் இரண்டு; விதிப்படி பதினொன்றில் மூன்று, 27 சதவீதம். டிவி விவாதத்தில் யாரும் இந்த ஐந்தையும் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் எதுவும் நடக்காததை வைத்து ஒரு மணி நேரம் ஓட்ட முடியாது. கணிப்பில் பாதித் தப்பு இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

27, 50, 75. எதை எடுப்பது? இதற்குச் சூத்திரம் கிடையாது, பஹல்காம் எந்தக் கூட்டத்தோடு சேரும் என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும். செத்தவர்கள் சுற்றுலா போன சாதாரண ஜனங்கள், மதம் கேட்டுச் சுட்டதாகத் தப்பியவர்கள் சொன்னது வீடு வீடாகப் போய்விட்டது, ஆட்சியில் இருப்பது 2016, 2019 இரண்டிலும் பதிலடி கொடுத்த அதே பிரதமர், அந்தப் பதிலடிகளைத் தேர்தல் மேடையில் பெருமையாகச் சொன்ன அதே கட்சி. ரியாசியோடு இதைச் சேர்க்க முடியாது. 75 பக்கம் சாய்ந்தேன், ஆனால் முழுசாகப் போகவில்லை. என் கேள்வி மே 16 வரைக்கும்தான், மே 17இல் நடந்தால் எனக்கு அது "நடக்கவில்லை". அண்ணனிடம் சொன்னது, "பத்துக்கு ஆறு." அவருக்குத் திருப்தி இல்லை. "அப்ப பத்துக்கு நாலு வராதா?" ஆமாம் அண்ணே, அதைத்தான் சொல்கிறேன்.

அடுத்த நாட்களில் வந்த செய்திகளில் எது நம்பரை நகர்த்த வேண்டும், எது கூடாது என்பதுதான் இந்தக் கதையின் சுவாரஸ்யமான பகுதி. நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்று: இதைச் செய்வதால் அந்த அரசுக்கு ஏதாவது செலவாகிறதா? வீராவேசமாகப் பேச காலணா ஆகாது.

ஏப்ரல் 23 அன்று சிந்து நதி நீர் ஒப்பந்தத்தை இந்தியா நிறுத்தி வைத்தது. 1960இல் போட்டது, 1965, 1971, 1999 சண்டைகளில்கூட யாரும் கை வைக்காதது. மேலோட்டமாகப் பார்த்தால் போர் நெருங்குகிறது என்று தோன்றும். எனக்கு அது இரண்டு பக்கமும் வெட்டுகிற கத்தியாகத் தெரிந்தது. ராணுவம் இல்லாமலேயே பெரிய அடி கொடுத்துவிட்டோம் என்று சொல்லிக்கொள்ள ஒரு வழி கிடைத்துவிட்டது அல்லவா? ஆகவே அதற்காக நம்பரை நகர்த்தவில்லை.

ஏப்ரல் 29இல் படைகளுக்கு முழுச் சுதந்திரம் கொடுத்ததாக அறிவிப்பு வந்தது. மறுநாள், மே 9 மாஸ்கோ வெற்றி தின விழாவுக்கு மோடி போகவில்லை என்று ரஷ்யா பக்கத்திலிருந்தே செய்தி வந்தது. முன்னது வெறும் சொல்லாக இருக்கலாம். பின்னதில் செலவு இருக்கிறது, நண்பன் வீட்டுக் கல்யாணத்துக்கு அழைத்தும் போகாமல் இருப்பது மாதிரி. பத்துக்கு ஏழு ஆக்கினேன்.

அதே 30ஆம் தேதி விடியற்காலையில் பாகிஸ்தான் அமைச்சர் அத்தாவுல்லா தரார் ஒரு வேடிக்கை செய்தார். அடுத்த 24 முதல் 36 மணி நேரத்துக்குள் இந்தியா தாக்கப்போவதாக நம்பகமான உளவுத் தகவல் இருக்கிறதென்று அறிவித்துவிட்டார். நம் வாட்ஸ்ஆப் குரூப்கள் கவுன்ட்டவுனே ஆரம்பித்துவிட்டன. மே 1 மதியம் கெடு முடிந்தது, எதுவும் நடக்கவில்லை. உடனே பலர் "எல்லாம் சும்மா, புஸ்வாணம்" என்று மறுபக்கம் சாய்ந்தார்கள். தரார் சொன்னதற்குக் காரணம் பல இருக்கலாம்: உண்மையான தகவல், உலக நாடுகளைத் தலையிட வைக்கும் முயற்சி, தாக்குதலின் அதிர்ச்சியை முன்கூட்டியே குறைப்பது. இத்தனை காரணம் இருக்கிற பேச்சை வைத்து ஏற்றவும் கூடாது, அது பொய்த்ததென்று இறக்கவும் கூடாது.

மே 3, 4 கடந்ததுதான் எனக்கு நிஜமான சோதனை. பழைய இரண்டு முறையும் பதினொன்று, பன்னிரண்டு நாளில் நடந்தது. அந்தக் கணக்கில் இந்த இரண்டு நாளில்தான் நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை. ஒவ்வொரு நாளும் சும்மா கழிகிறபோது மிச்சமிருக்கிற நாட்கள் குறைகின்றன, மே 16க்குள் நடக்கும் வாய்ப்பு தானாகவே கொஞ்சம் இறங்க வேண்டும். இன்சூரன்ஸில் நாங்கள் தினம் செய்கிற கணக்கு இது. இரண்டு மூன்று புள்ளி குறைத்தேன். ஆனால் இரண்டே சம்பவத்தின் நாட்களை வைத்துப் பன்னிரண்டாம் நாள் என்று ஒரு சட்டமே போட்டுக்கொள்வது அபத்தம், அதனால் அதற்கு மேல் குறைக்க மனம் வரவில்லை.

மே 5. நாடு முழுக்க சிவில் பாதுகாப்பு ஒத்திகை நடத்தும்படி உள்துறை அமைச்சகம் உத்தரவு போட்டது. ஒத்திகை நாள் மே 7. இந்த அளவில் 1971க்குப் பிறகு நடந்ததில்லை என்று செய்திகள் சொன்னன. சென்னையில் துறைமுகத்திலும், நமக்குப் பக்கத்தில் கல்பாக்கம் அணுமின் நிலையத்திலும் சைரன் ஒலிக்கப்போகிறது. இதில் செலவு இருக்கிறது: இத்தனை கோடி ஜனங்களைப் பயமுறுத்திவிட்டு ஒன்றும் செய்யாமல் இருந்தால் எந்த அரசுக்கும் அசடு வழியும். அண்ணனுக்குப் போன் செய்து, "ரூபாய்க்குப் பன்னிரண்டணா" என்றேன். சதவீதத்தைவிட அந்தக் கணக்கு அவருக்குச் சட்டென்று பிடிபட்டது. மறுநாள் ராஜஸ்தான் எல்லையை ஒட்டி மே 7, 8இல் பெரிய விமானப்படைப் பயிற்சி என்று விமானிகளுக்கான எச்சரிக்கையும் வந்தது.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஒத்திகை 7ஆம் தேதி மாலை, பயிற்சி 7, 8. அப்படியே எழுத்துக்கு எழுத்து படித்தால் 8ஆம் தேதிக்கு முன்னால் எதுவும் இருக்காது என்று தோன்றும். தாக்குதல் நடந்ததோ 7ஆம் தேதி விடிவதற்கு வெகுநேரம் முன்னால், இரவு 1:05க்கு. ஒன்பது இடங்கள், ஆபரேஷன் சிந்தூர். இந்த மாதிரி அடையாளங்கள் அரசின் மனநிலையைக் காட்டும், கடிகாரத்தைக் காட்டாது. நாளைத் துல்லியமாகச் சொல்கிறேன் என்று வருகிற ஆளை அதனால்தான் நான் நம்புவதில்லை.

இனி அண்ணனின் உண்மையான கேள்வி. தாக்குதல் நடந்தால் எல்லைப்பக்கம் முடங்குமா? 2016இல் பாகிஸ்தான் அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்றது, பதிலடியும் இல்லை. ஆனாலும் பஞ்சாபில் எல்லையிலிருந்து 10 கி.மீ.க்குள் இருந்த ஊர்களைக் காலி செய்யச் சொன்னார்கள். 2019இல் மறுநாளே பாகிஸ்தான் விமானங்கள் வந்தன, சென்னையைச் சேர்ந்த விமானி அபிநந்தன் பிடிபட்டார், அமிர்தசரஸ் உட்பட வடக்கு விமான நிலையங்களைச் சில மணி நேரம் மூடினார்கள், மார்ச் 1 அன்று அவரை விட்டதும் சூடு தணிந்தது. ஒன்றில் லேசாக, ஒன்றில் கொஞ்சம் பலமாக. பாதிக்குப் பாதி என்று வைத்தேன். தாக்குதலுக்கு முக்கால், அதில் பாதி முடக்கம், ஆக மொத்தம் நூற்றுக்கு முப்பத்தேழு, முப்பத்தெட்டு.

அமிர்தசரஸ் ஓட்டல்காரரிடம் அண்ணன் தினமும் பேசிக்கொண்டிருந்தார். "சப் டீக் ஹை" என்பதே அவர் பதில். முன்பணத்தைக் கையில் வைத்திருக்கிற மனிதர் வேறு என்ன சொல்வார்?

முப்பத்தெட்டு என்றதும் அண்ணன் முகம் மலர்ந்தது. "அப்ப போகாம இருக்கிறதுக்குக் காரணமே இல்லையே, வராதுங்கிற பக்கம்தானே அதிகம்!" போர்க் கணிப்பைப் படிக்கிற முக்கால்வாசிப் பேர் செய்வது இதுதான், ஐம்பதைத் தாண்டினால் நடக்கும், தாண்டாவிட்டால் நடக்காது என்று மனசு தானாக மொழிபெயர்த்துக்கொள்கிறது. அவர் கடையிலேயே ஒரு பழைய பில்லின் பின்பக்கம் எழுதிக் காட்டினேன். அன்றைய விதிப்படி ரயில் டிக்கெட்டை 48 மணி நேரத்துக்கு முன்னால் ரத்து செய்தால் தலைக்கு இருநூறு ரூபாய்க்குள்தான் பிடிப்பார்கள், அதற்கப்புறம் கால் பங்கு போய்விடும். 8ஆம் தேதி இரவு வண்டிக்கு அந்தக் கெடு 6ஆம் தேதி இரவு. ஓட்டல் முன்பணத்தையும் சேர்த்து இப்போது நிறுத்தினால் போவது ஒரு பங்கு என்றால், சர்க்கரை மாத்திரை, முட்டிவலி சகிதம் முப்பது பேரோடு விளக்கணைத்த ஊரில் மாட்டிக்கொண்டால் ஆகும் செலவும் தலைவலியும் குறைந்தது பத்துப் பங்கு. அப்படியானால் வாய்ப்பு பத்து சதவீதத்தைத் தாண்டினாலே நிறுத்துவதுதான் லாபம். முப்பத்தெட்டா ஐம்பத்தைந்தா என்று நான் ராத்திரி முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டது அவருக்குத் துளியும் தேவைப்படவில்லை. தேவைப்பட்டதெல்லாம் பத்துக்கு மேலா கீழா என்பதும், மலிவாக வெளியே வர எந்த நேரம் வரை வழி திறந்திருக்கிறது என்பதும்தான்.

இந்த இரண்டாவது விஷயம் நான் 2022இல் பார்த்தது. உக்ரைனைச் சுற்றி ரஷ்யா லட்சத்துக்கு மேல் படைகளைக் குவித்திருந்தது. மிரட்டல்தான், இறங்க மாட்டார்கள் என்று சொன்ன விவரமானவர்கள் ஏராளம். 2001-02இல் நம் எல்லையில் நின்ற படையைப் பார்த்தவர்களுக்கு அது நியாயமான சந்தேகமும்கூட. குவிந்த படை இரண்டு விதமாகவும் முடியும். ஆனால் ஜனவரிக் கடைசியில் படைகளுக்காக ரத்த இருப்பையும் கொண்டுவருகிறார்கள் என்ற செய்தி வந்தது. மிரட்டுவதற்கு டாங்கிகள் போதும், யாரும் ரத்தத்தைச் சுமந்துகொண்டு வர மாட்டார்கள். பிப்ரவரி 15 அன்று கீவ் இந்தியத் தூதரகம், அவசியம் இல்லாதவர்கள், முக்கியமாக மாணவர்கள், தற்காலிகமாக வெளியேறுவதை யோசிக்கலாம் என்றது. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் கார்கிவ் போன்ற ஊர்களில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தார்கள். காலேஜ் ஆன்லைனில் பாடம் நடத்தச் சம்மதிக்கவில்லை, அட்டெண்டன்ஸ் போய்விடும், டிக்கெட் விலை ஏறிவிட்டது, ஒரு வாரம் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று இங்கே பெற்றோர் காத்திருந்தார்கள். 24ஆம் தேதி விடியற்காலையில் குண்டு விழுந்தது, உக்ரைன் வான்வெளியை மூடிவிட்டார்கள். காத்திருந்தால் தகவல் தெளிவாகும், உண்மைதான். தெளிவாகிற நேரத்தில் கதவும் சாத்தியிருக்கும்.

அண்ணன் 5ஆம் தேதி இரவே முடிவெடுத்தார், அதுவும் நான் யோசிக்காத ஒரு முடிவு. டெல்லி டிக்கெட்டை அப்படியே வைத்துக்கொண்டு அமிர்தசரஸ், கட்ராவை எடுத்துவிட்டு ஹரித்வார், ரிஷிகேஷ், மதுரா என்று ரூட்டை மாற்றிவிட்டார். வைஷ்ணோ தேவிக்காகவே பணம் கட்டியவர்கள் மட்டும் 6ஆம் தேதி இரவுக்குள் ரத்து செய்துகொண்டார்கள்.

சில மணி நேரத்தில் தாக்குதல். 7ஆம் தேதி காலையிலிருந்து அமிர்தசரஸ் விமான நிலையம் மூடல், பிறகு வடக்கிலும் மேற்கிலும் 32 விமான நிலையங்கள், பூஞ்ச் பக்கம் ஷெல் வீச்சில் பொதுமக்கள் சாவு, 8ஆம் தேதி ஜம்மு மேல் ட்ரோன்கள், தர்மசாலாவில் ஐபிஎல் மேட்ச் பாதியில் நிறுத்தம். 2016, 2019 இரண்டும் சேர்ந்தாலும் இந்த நாலு நாளுக்கு ஈடாகாது. எந்த அளவுக்கு வளரும் என்ற விஷயத்தில் பழைய சம்பவங்கள் வழியே காட்டவில்லை; இரண்டு பக்கமும் இத்தனை ட்ரோன்களை ஏவிய சண்டை அதற்கு முன் இவர்களுக்குள் நடந்ததில்லை.

என் கணக்கில் கட்டமே இல்லாத ஒன்று 7ஆம் தேதி காலையில் நடந்தது. ஹரித்வார் எல்லையிலிருந்து எவ்வளவோ தூரம். இருந்தும் அமெரிக்காவிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் மகன்கள், மகள்கள் போன் செய்து "அப்பா, நீங்க எங்கேயும் போக வேணாம்" என்று நிறுத்திவிட்டார்கள். 48 மணி நேரக் கெடு தாண்டிவிட்டதால் டிக்கெட்டில் கால் பங்கு போயிற்று. மிச்சப் பேரை அழைத்துக்கொண்டு அண்ணன் கிளம்பினார். 10ஆம் தேதி காலை டெல்லியில் இறங்கினார்கள், அன்று மாலை 5 மணியோடு சண்டை நிறுத்தம்.

திரும்பி வந்ததும் ஒரு மாமி அண்ணனைப் பிடித்துக்கொண்டாராம். "நாம போய்ச் சேர்ந்த அன்னிக்கே சண்டை நின்னுடுத்தே, பேசாம அமிர்தசரஸே போயிருக்கலாமே?" போயிருந்தால் அன்றிரவு அவர்கள் அமிர்தசரஸில் விளக்கணைப்பில் உட்கார்ந்திருப்பார்கள். 12ஆம் தேதிதான் விமான நிலையங்களைத் திறந்தார்கள், அட்டாரி கொடியிறக்கத்துக்குப் பொதுமக்களை விட்டது 20ஆம் தேதிக்கு மேல்தான்.

என் கணிப்புக்கு மார்க் போட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு: 1950இல் கிளென் பிரையர் என்ற அமெரிக்க வானிலைக்காரர் சொன்ன முறைப்படி, 75 சதவீதம் என்று சொல்லி நடந்துவிட்டால் நூறுக்குக் குறைந்த கால் பங்கின் வர்க்கம், 0.0625. பூஜ்யத்துக்கு நெருக்கமாக இருந்தால் நல்லது. பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் ஒரே ஒரு மார்க்கை வைத்துப் பீற்றிக்கொள்ள ஒன்றுமில்லை. நுங்கம்பாக்கம் வானிலை மையத்துக்கு ஆண்டுக்கு 365 தேர்வு. எங்களுக்குச் சில ஆண்டுக்கு ஒன்று.

அடுத்த தேர்வு சீக்கிரமே வந்தது. இனி எந்தப் பயங்கரவாதத் தாக்குதலும் போர்ச் செயலாகவே கருதப்படும் என்று மே மாதத்தில் இந்தியத் தரப்பு சொல்லியிருந்தது. நவம்பர் 10 அன்று டெல்லி செங்கோட்டை அருகே கார் வெடித்துப் பத்துப் பேருக்கு மேல் செத்தார்கள். அண்ணன் உடனே கூப்பிட்டார், டிசம்பரில் மறுபடி அமிர்தசரஸ் குரூப். பழைய லாப்லாஸ் விதியில் ஊரி, புல்வாமா, பஹல்காம் மூன்றையும் போட்டால் ஐந்தில் நாலு, 80 வருகிறது. நான் சொன்னது பத்துக்கு ஒன்றரை. பிடிபட்டவர்களில் உள்நாட்டு டாக்டர்களே இருந்தார்கள், அரசு முதல் நாளே பாகிஸ்தான் பக்கம் விரலை நீட்டவில்லை, பிரதமர் மறுநாள் திட்டமிட்டபடி பூடானுக்குப் போனார். மே மாதத்தில் போகாமல் விட்ட மாஸ்கோ பயணம் என்ன சொன்னதோ அதற்கு நேர் எதிர். தாக்குதல் எதுவும் நடக்கவில்லை.

"பத்துக்கு ஒன்றரையில் பாதி முடங்கும்னா, நூத்துக்கு ஏழெட்டு. பத்துக்குக் கீழதானே?" என்று அண்ணனே கணக்குப் போட்டுவிட்டார். ஆனாலும் ஓட்டலுக்குப் பணம் அனுப்புவதற்கு முன்னால், விமான நிலையம் மூடினாலோ ஊரில் விளக்கணைப்பு வந்தாலோ முன்பணம் முழுசாகத் திரும்ப வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் டிக்கெட் போட்டார்.